தண்ணீரை விற்ற ஊர், தண்ணீர் கேட்டு நின்ற கதை

கதிர்வீச்சு கலந்த தண்ணீர்னு சொன்னாலே நமக்கு அணு உலைதான் ஞாபகத்துக்கு வரும். செர்னோபில், ஃபுகுஷிமா, இல்லேன்னா நம்ம கூடங்குளம். இன்னைக்கு சொல்லப்போற கதையில் அணு உலையும் கிடையாது, அணுகுண்டும் கிடையாது. ஒரு ஊர், அந்த ஊரோட கிணறுகள், அந்தத் தண்ணியில் பாறையிலிருந்து கரைஞ்சு வந்த ரேடியம். அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான இழை. காபி, டீ எதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஊர் பேர் வாக்கிஷா. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி நகரத்துக்கு மேற்கே இருக்கு. ஏரியிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம்.

1868 ஆகஸ்ட். ரிச்சர்ட் டன்பார் என்ற ரயில்வே முதலாளி ஒரு சாவுக்காக இந்த ஊருக்கு வர்றார். அவருக்குச் சர்க்கரை நோய். டாக்டர்கள் கைவிரிச்சாச்சு. நா வறண்டு போய், அங்கே இருந்த ஊற்றுத் தண்ணியை டம்ளர் டம்ளரா குடிக்கிறார். உடம்பு தேறின மாதிரி இருக்கு. இன்னும் குடிக்கிறார், இன்னும் தேறுது. கடைசியில் அந்த ஊற்று இருந்த நிலத்தையே வாங்கி, அதுக்கு பெதஸ்தா என்று பேர் வைக்கிறார். பைபிளில், நோயாளிகள் குணமாகக் காத்துக் கிடந்ததா வருமே, அந்தக் குளத்தின் பேர்.

இன்சுலின் மனுஷனுக்கு முதன்முதலில் போடப்பட்டது 1922-ல். அதற்கு 54 வருஷம் முன்னாடி நடக்கிற கதை இது. சர்க்கரை ரொம்ப ஏறினவர் உடம்பிலிருந்து தண்ணி சிறுநீரா கொட்டிக்கிட்டே இருக்கும், உடம்பு வத்திப் போகும். அந்த நிலைமையில் நாள் முழுக்கத் தண்ணி குடிச்சா எந்தத் தண்ணியா இருந்தாலும் கொஞ்சம் தெம்பு வரத்தான் செய்யும். டன்பார் பொய் சொன்னார் என்று நான் நினைக்கலை. அவருக்கு நிஜமாவே நல்லா இருந்திருக்கும். காரணத்தைத்தான் ஊற்றின் மேல் ஏத்திட்டார்.

பெதஸ்தா தண்ணி பீப்பாயிலும் பாட்டிலிலும் அடைச்சு மருந்துக் கடைகளுக்குப் போச்சு. சர்க்கரை நோய்க்கு, சிறுநீரக நோய்க்கு என்று விளம்பரம். ஒண்ணு ஓடினா பின்னாடியே பத்து வருமில்லையா? ஊரில் இருந்த ஊற்று ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், ஒரு கம்பெனி, ஒரு பாட்டில். பெரிய பெரிய ஹோட்டல்கள் எழும்பின. ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி டாட் லிங்கன்கூட 1872-ல் இங்கே வந்து தங்கினார். கோடை வந்தா பணக்காரக் கூட்டம் ரயிலேறி வந்து இறங்கும். மேற்கின் சரடோகா என்றே இந்த ஊருக்குப் பேர். நியூயார்க் பக்கம் சரடோகா என்று புகழ்பெற்ற ஊற்று ஊர் ஒண்ணு இருக்கு, அதோட ஒப்பிட்டு.

1892-ல் ஒரு சுவாரசியமான சம்பவம். அடுத்த வருஷம் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அன்றைய சிகாகோ தண்ணிக்கு டைபாய்டு தண்ணி என்று கெட்ட பேர். ஜேம்ஸ் மெக்கெல்ராய் என்ற வியாபாரிக்கு ஒரு யோசனை: வாக்கிஷாவிலிருந்து 100 மைலுக்குக் குழாய் போட்டு, ஊற்றுத் தண்ணியைக் கண்காட்சிக்கே கொண்டுபோய் காசுக்கு விக்கலாம். ஊர்க்காரங்களுக்குக் கோபம். இங்கே வந்து குடிச்சாதானே ஹோட்டல் ஓடும்? மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, குழாய் பதிக்கிறதுக்காக நூற்றுக்கணக்கான ஆட்களை ஏத்திக்கிட்டு சிகாகோவிலிருந்து தனி ரயில் வருது. தகவல் தெரிஞ்சு ஊரில் மணி அடிக்கிறாங்க. துப்பாக்கி, தடி, கையில் கிடைச்சது எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ஊரே ரயிலடியில் திரண்டு நிக்குது. வந்த கூட்டம் ஒரு குழாய்கூடப் பதிக்காம திரும்பிப் போச்சு. கடைசியில் தெற்கே தள்ளியிருந்த பிக் பெண்ட் என்ற கிராமத்து ஊற்றிலிருந்துதான் குழாய் போனது. கண்காட்சியில் அந்தத் தண்ணி ஒரு கிளாஸ் ஒரு சென்ட்டுக்கு வித்தது. வடிகட்டின சாதாரணத் தண்ணி இலவசம்.

தன் தண்ணி ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று துப்பாக்கியோடு நின்ன ஊர். இதை மனசில் வெச்சுக்கோங்க. 20-ஆம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் ஊற்று மவுசு அடங்கிப்போச்சு.

இங்கே வாக்கிஷாவை நிறுத்திட்டு ரேடியம் பக்கம் போயிட்டு வரணும். அது தெரியாம மீதிக் கதை விளங்காது.

மேரி கியூரியும் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடிச்சது 1898. எலெக்ட்ரானைக் கண்டுபிடிச்ச ஜே.ஜே. தாம்சன் 1903-ல் கிணற்றுத் தண்ணியிலும் கதிரியக்கம் இருக்கு என்று சொன்னார். அதுக்கப்புறம் புகழ்பெற்ற ஊற்றுகளையெல்லாம் சோதிக்க, பலதிலும் இருந்தது. ரேடியம் சிதையும்போது பிறக்கிற ரேடான் வாயு நிலத்தடித் தண்ணியில் கரைஞ்சிருக்கும், அதுதான் காரணம். ஆனா அன்னைக்கு ஜனங்க போட்ட கணக்கு வேற: ஊற்றுத் தண்ணி ஏன் குணமாக்குதுன்னு இத்தனை நாளா தெரியலையே, இதோ ரகசியம், கதிரியக்கம்தான் மருந்து!

ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். பாட்டிலில் அடைச்சு ஊர் போய்ச் சேரதுக்குள்ள பாதிக்கு மேல் போயிடும். மூடி திறந்தா மிச்சமும் பறந்துடும். அதனால வீட்டிலேயே கதிரியக்கத் தண்ணி தயாரிக்க ஒரு ஜாடி வந்தது. பேர் ரெவிகேட்டர். உள்பக்கம் ரேடியம் கலந்த தாதுப்பொருள் பூசின மண் ஜாடி. ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சு, மறுநாள் ஆறேழு கிளாஸ் குடிக்கணும். நம்ம வீட்டில் செம்புப் பாத்திரத்தில் தண்ணி ஊத்தி வெச்சுக் குடிக்கிறோமே, பழக்கம் என்னவோ அதே மாதிரிதான். உள்ளே இருந்தது மட்டும் வேற.

அடுத்து வந்தவர் வில்லியம் பெய்லி. ஹார்வர்டில் சேர்ந்து முடிக்காம போனவர், டாக்டர் பட்டம் இருக்குன்னு சொல்லிக்கிட்டவர். ரேடானெல்லாம் எதுக்கு, நேரா ரேடியத்தையே கரைச்சுடலாம் என்று 1925-லிருந்து ரேடித்தார் என்ற சின்ன பாட்டிலை விக்க ஆரம்பிச்சார். ஒரு பாட்டில் ஒரு டாலர். லேபிளிலேயே, சான்றளிக்கப்பட்ட கதிரியக்கத் தண்ணீர் என்று போட்டிருக்கும். இதில் என் ஆட்களுக்கும் பங்கு உண்டு. எழுதிக்கொடுத்த டாக்டர்களுக்கு கமிஷன் போச்சு. சில விஷயங்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மாறுறதில்லை.

பிட்ஸ்பர்க் தொழிலதிபர் எபென் பையர்ஸ், 1906-ல் அமெரிக்க அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன். 1927-ல் ரயிலில் படுக்கையிலிருந்து விழுந்து கையில் அடி. வலிக்கு அவருடைய டாக்டர் எழுதிக்கொடுத்தது ரேடித்தார். அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மொத்தம் 1,400 பாட்டில் வரைக்கும் குடிச்சிருப்பார் என்பது கணக்கு. பல் விழ ஆரம்பிச்சது, தாடை எலும்பு செத்துப்போய் வெட்டி எடுக்க வேண்டியதாச்சு, மண்டையோட்டில் ஓட்டை விழுந்தது. 1932 மார்ச் 31 அன்று, 51 வயதில் இறந்தார். ஈயம் பூசின பெட்டியில் வைச்சு அடக்கம் பண்ணினாங்க.

இதே காலத்தில், கடிகார முள்ளுக்கும் எண்களுக்கும் ஒளிரும் ரேடியம் பெயிண்ட் அடிச்ச இளம்பெண்கள் கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். தூரிகை முனையை உதட்டில் வைச்சுக் கூராக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போச்சு. அதே தாடை அழுகல், அதே எலும்புப் புற்றுநோய். பையர்ஸ் பணக்காரர், அவர் செத்தபோது பத்திரிகை அலறியது. அந்தப் பெண்களோ அதற்குப் பல வருஷம் முன்னாடியிருந்தே செத்துக்கிட்டு இருந்தாங்க.

ஏன் எலும்பு? வேதியியல் அட்டவணையில் ரேடியம் கால்சியத்தின் குடும்பம். ஒரே செங்குத்து வரிசையில் இரண்டும் இருக்கு. உடம்புக்கு அதை அடையாளம் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. குடிக்கிற ரேடியத்தில் பெரும்பகுதி மலத்தோடு வெளியே போயிடும். சுமார் ஐந்தில் ஒரு பங்கு ரத்தத்தில் ஏறும். ஏறினது கால்சியம் மாதிரி எலும்பில் போய் உட்காரும். ரேடியம்-226-ன் அரை ஆயுள் 1,600 வருஷம். அது வெளிவிடுற ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துடும், தோலைத் தாண்டாது. அதனால அந்தத் தண்ணியில் குளிக்கிறதில் பயமில்லை. ஆனா எலும்புக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு பக்கத்து செல்லைச் சுடும்போது நடுவில் தாள் கிடையாதே!

சரி, வாக்கிஷாவுக்குத் திரும்புவோம்.

ஊற்று வியாபாரம் படுத்ததுக்கப்புறமும் ஊர் வளர்ந்தது. வளர்ற ஊருக்குத் தண்ணி வேணும். பழைய ஊற்றெல்லாம் மேல்மட்டத்துத் தண்ணி. இப்போ ஆழமா போர் போட்டாங்க. கீழே 45, 50 கோடி வருஷத்துப் பழைய மணற்பாறை. அதுக்குள்ள நல்ல தண்ணி. ஆனா அந்தப் பாறைக்கு மேல் களிப்பாறை ஒண்ணு மூடி போட்ட மாதிரி கிடக்கு. மழைத்தண்ணி சுலபமா உள்ளே இறங்காது. எடுக்க எடுக்கக் குறையும், நிரம்ப காலமாகும். வாக்கிஷாவும் சுத்துவட்டார ஊர்களும் சேர்ந்து இறைச்சதில் ஒரு நூற்றாண்டுக்குள்ள நீர்மட்டம் சுமார் 500 அடி இறங்கிப்போச்சு. நம்ம ஊர் போர்வெல் கதை மாதிரியே இருக்கா?

அந்தப் பாறையில் இயற்கையாவே யுரேனியம், தோரியம் துளித்துளியா உண்டு. அதுங்க சிதைஞ்சு ரேடியம் ஆகும், ரேடியம் தண்ணியில் கரையும். யாரும் கலக்கலை, எந்த ஆலையும் கொட்டலை. இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் என்று அந்த வட்டாரத்தில் ஏகப்பட்ட ஊர்களுக்கு இதே பிரச்சினை.

1976-ல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வரம்பு போட்டது. குடிநீரில் ரேடியம்-226, ரேடியம்-228 இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 5 பிக்கோகியூரிக்கு மேல் இருக்கக் கூடாது. வாக்கிஷாவின் ஆழ்கிணறுகளில் வரம்பைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருந்தது.

இங்கேதான் விஷயம் சிக்கலாகுது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ரேடித்தார் ஒரு பாட்டிலில் இந்த இரண்டு ரேடியமும் தலா ஒரு மைக்ரோகியூரி. கூட்டினா 20 லட்சம் பிக்கோகியூரி. அதாவது வரம்பு அளவுத் தண்ணி 4 லட்சம் லிட்டரில் இருக்கிறது, அந்த ஒரு பாட்டிலில் இருந்தது. தினம் 2 லிட்டர் குடிச்சா ஒரு பாட்டிலுக்கு ஈடாக 550 வருஷம் ஆகும். வரம்பைப்போல இரண்டு மடங்கு இருக்கிற தண்ணியை 70 வருஷம் குடிச்சாலும் கால் பாட்டில் கணக்குதான் வரும். பையர்ஸ் குடிச்சது 1,400 பாட்டில்!

அதனால, இதுக்குப் போய் கோடி கோடியா செலவு பண்ணணுமா என்று நகரம் கேட்டதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொரு வாதமும் அவங்ககிட்ட இருந்தது. கடிகாரப் பெண்களைப் பல பத்தாண்டு பின்தொடர்ந்து ஆராய்ஞ்சபோது, உடம்பில் குறைவான ரேடியம் ஏறியிருந்தவங்களிடம் எலும்புப் புற்று தென்படவே இல்லை. போதாக்குறைக்கு 1991-ல் அந்த அரசு முகமையே, வரம்பை இரண்டு ரேடியத்துக்கும் தனித்தனியா 20 என்று தளர்த்தலாமா என்று ஒரு வரைவு விட்டது. வரம்பு எப்படியும் உயரப்போகுது, இப்ப எதுக்குக் காசைக் கரியாக்கணும் என்று பல ஊர்கள் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தன. வாக்கிஷாவும்தான்.

2000 டிசம்பரில் இறுதி விதி வந்தது. தளர்த்தலை. அதே 5. வாக்கிஷா வழக்குப் போட்டது. 2003-ல் தோத்தது.

ஒரு டாக்டரா நான் எந்தப் பக்கம் என்று கேட்டா, விதியின் பக்கம்தான். காரணம் சொல்றேன். அளந்து ஆராய்ஞ்ச பெண்கள் சில ஆயிரம் பேர். பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு வரக்கூடிய ஆபத்து சில ஆயிரம் பேரில் கண்ணில் படாம போகத்தான் செய்யும். படலைங்கிறதும் இல்லைங்கிறதும் ஒண்ணு கிடையாது. அதோட, அவங்க வேலைக்குப் போகிற வயசுக்காரங்க. குழாய்த் தண்ணியை யார் குடிக்கிறா? பால்பவுடர் கரைச்சுக் கொடுக்கிற கைக்குழந்தை குடிக்குது, எலும்பு வளர்ற வயசுப் பிள்ளை குடிக்குது. வளர்ற எலும்பு கால்சியத்தை இழுக்கிற மாதிரியே ரேடியத்தையும் கூடுதலா இழுக்கும். மாத்திரைன்னா நோயாளி வேணும்னு முழுங்குறார், நன்மை தீமையை எடைபோட்டு நான் எழுதறேன். தண்ணியில் அந்தத் தேர்வே கிடையாது. வாக்கிஷாவில் 70,000 பேர், பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் குடிக்கிறாங்க.

இன்னொண்ணு. எலும்புப் புற்றுநோயோட ஒருத்தர் வந்தா, இது தண்ணியால் வந்ததா, தானா வந்ததா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. புற்றுக்கட்டியில் முத்திரை குத்தியிருக்காது. பையர்ஸ் மாதிரி கைகாட்ட ஒரு ஆள் இதில் கிடைக்கவே மாட்டார். ஆள் கிடைச்சாதான் நடவடிக்கை என்று இருந்தா, இந்த வகை ஆபத்துக்கு எந்தக் காலத்திலும் நடவடிக்கை வராது.

சரி, எடுக்கணும்னு முடிவு பண்ணியாச்சு. எப்படி எடுக்கிறது?

5 பிக்கோகியூரி ரேடியம்-226 என்றால் எடையில் 5 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்கா போட்டு அதில் ஐந்து பங்கு, ஒரு லிட்டர் தண்ணியில். இதைத் தனியா பிடிக்க முடியாது. அதோட சொந்தக்காரங்களைப் பிடிக்கணும். மேரி கியூரி டன் கணக்கில் தாதுவைக் கரைச்சு ரேடியத்தைத் திரட்டினது எப்படித் தெரியுமா? அது பேரியத்தோடு ஒட்டிக்கிட்டே வரும். பேரியத்தைப் படியவெச்சா ரேடியமும் படியும். திரட்டுறதுக்கு அவர் பயன்படுத்தின அதே உறவைத்தான் இன்னைக்கு விலக்குறதுக்குப் பயன்படுத்துறாங்க.

உப்புத்தண்ணி வர்ற வீடுகளில் சாஃப்ட்னர் வைக்கிறோமே, அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். கூடவே ரேடியத்தையும் பிடிக்கும், கால்சியத்தைவிட இறுக்கமா பிடிக்கும். ஆக அந்த ஊர்களில் துணி வெளுக்கவும் பாத்திரத்தில் வெள்ளை படியாம இருக்கவும் சாஃப்ட்னர் வெச்சிருந்தவங்க, தனக்கே தெரியாம ரேடியத்தை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நகராட்சி அளவில் சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கலாம். மாங்கனீசு ஆக்சைடைத் தண்ணியில் கலந்தா ரேடியம் அதன் மேல் போய் ஒட்டிக்கும், பிறகு மணல் வடிகட்டியில் பிடிச்சுடலாம். வாக்கிஷா சில கிணறுகளில் இதைச் செஞ்சது. ரேடியம் இல்லாத மேல்மட்டத்துக் கிணற்றுத் தண்ணியையும் கலந்து அளவைக் குறைச்சுப் பார்த்தது.

கொதிக்கவைச்சா போகாதா என்று சிலர் கேட்பீங்க. போகாது. கிருமிதான் சாகும். தண்ணி ஆவியா போய் ரேடியம் மிச்சத் தண்ணியில் இன்னும் கெட்டியாகும். ரேடான் வாயு மட்டும்தான் கொதிச்சா, ஏன், நல்லா ஆத்தினாலே பறந்துடும்.

எந்தத் தனிமம் என்று தெரியாம வைத்தியம் கிடையாது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்கப்புறம் டோக்கியோவின் கனமாச்சி நீர் ஆலையில் கதிரியக்க அயோடின் கிலோவுக்கு 210 பெக்கெரல் வந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. குழந்தைகளுக்குக் குழாய்த்தண்ணி கொடுக்காதீங்க என்று அறிவிச்சு பாட்டில் தண்ணி விநியோகம் பண்ணினாங்க. அடுத்த நாளே 79-க்கு இறங்கி, எச்சரிக்கையை விலக்கிக்கிட்டாங்க. அந்த அயோடினின் அரை ஆயுள் 8 நாள். கரித்தூள் போட்டுக் கொஞ்சம் எடுக்கலாம், காத்திருந்தா மிச்சம் தானே அழியும். சீசியம் வேற ரகம், மண்துகளில் ஒட்டிக்கும். படிகாரம் மாதிரி எதையாவது போட்டு கலங்கலைப் படியவைச்சா அதுவும் சேர்ந்து படியும். நம்ம பாட்டிங்க தேத்தாங்கொட்டை உரசி ஆத்துத்தண்ணியைத் தெளியவெச்ச அதே வேலைதான். 1,600 வருஷம் அரை ஆயுள் இருக்கிற ரேடியத்துக்குக் காத்திருந்து பிரயோஜனமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டாங்க. எடுத்த ரேடியம் எங்கே போகுது? அதை அழிக்க முடியாது, இடம் மாத்தத்தான் முடியும். சாஃப்ட்னரை உப்புத்தண்ணி விட்டுக் கழுவினா சாக்கடைக்குப் போகும். படியவெச்சா சகதியில் சேரும். அந்தச் சகதியை வயலுக்கு உரமா போடுற வழக்கமும் உண்டு. ரேடியம் கலந்த சகதியை எவ்வளவு போடலாம் என்று இல்லினாய் மாநிலத்தில் விதிமுறையே இருக்கு.

எங்க வீட்டு ஆர்ஓ இதை எடுக்குமா என்ற கேள்வி வரும்னு தெரியும். ஆர்ஓ ரேடியம், யுரேனியம் இரண்டையும் பெருமளவு எடுத்துடும். ஆனா டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்துட்டு, நம்ம தண்ணி சுத்தம் என்று நினைக்காதீங்க. அது தண்ணியில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்கு என்று தோராயமா காட்டும். லட்சம் கோடியில் ஐந்து பங்கு அதில் எப்படித் தெரியும்? கதிரியக்கத்துக்கு ஆய்வகத்தில் ஆல்ஃபா, பீட்டா சோதனை தனியா பண்ணணும். இந்தியத் தரநிலையில் ஆல்ஃபாவுக்கு லிட்டருக்கு 0.1 பெக்கெரல், பீட்டாவுக்கு 1 பெக்கெரல் என்று வரம்பு இருக்கு. நம்ம நாட்டு நிலத்தடி நீரில் அதிகம் பேசப்படுறது யுரேனியம்தான், குறிப்பா பஞ்சாப் பக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். யுரேனியத்தில் முதல் கவலை கதிர்வீச்சு இல்லை, அது உலோகமா சிறுநீரகத்துக்குப் பண்ற கெடுதல்.

வாக்கிஷாவுக்கு வருவோம். ரேடியத்தை மட்டும் பார்த்தா எல்லாக் கிணற்றுக்கும் வடிகட்டி வைச்சு சமாளிச்சிருக்கலாம். ஆனா கிணறே வத்துது. வத்துற கிணற்றுக்கு எவ்வளவு வடிகட்டி வைப்பீங்க? அதனால நகரம் பார்த்தது மிச்சிகன் ஏரியை.

பார்த்தா போதுமா? பெரிய ஏரிகளைச் சுத்தியுள்ள எட்டு மாநிலங்கள் போட்ட ஒப்பந்தம் 2008-ல் சட்டமாச்சு. ஏரிக்கு வடியற நிலப்பரப்பைத் தாண்டி தண்ணி வெளியே போகக் கூடாது. வாக்கிஷா நகரம் அந்த எல்லைக்குக் கொஞ்சம் வெளியே இருக்கு. அங்கே பெய்யற மழை ஏரிக்குப் போகாது, மிசிசிப்பி பக்கம் போயிடும். ஆனா நகரம் இருக்கிற மாவட்டம் எல்லையின் இரண்டு பக்கமும் பரவியிருந்ததால், விதிவிலக்கு கேட்க ஒரு சின்ன சந்து இருந்தது. 2010-ல் விண்ணப்பம் போட்டாங்க. எட்டு ஆளுநர்களில் ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் கதை முடிஞ்சது.

எதிர்ப்பு பலமா இருந்தது. இன்னைக்கு இவங்களுக்கு, நாளைக்கு யாருக்கு என்று பயம். ரேடியத்தை எடுக்கத் தொழில்நுட்பம் இருக்கே, ஏரி எதுக்கு என்றும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 1892-ல் வாக்கிஷாக்காரங்க ரயிலடியில் நின்னு கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான், என்ன, இந்தத் தடவை அவங்க ரயிலில் வந்த பக்கம்.

2016 ஜூன் 21. எட்டு மாநிலமும் ஒருமனதா சம்மதிச்சன. நாளுக்குச் சராசரி 82 லட்சம் காலன் வரைக்கும் எடுக்கலாம். ஒரு நிபந்தனை: பயன்படுத்தின தண்ணியைச் சுத்திகரிச்சு திரும்ப ஏரிக்கே அனுப்பணும். அது ரூட் ஆறு வழியா, ராசின் என்ற ஊரைத் தாண்டிப் போகும். ராசின்காரங்க சந்தோஷப்படலை என்று தனியா சொல்ல வேண்டியதில்லை.

ரேடியம் வரம்புக்குள் வர நீதிமன்றம் முதலில் கொடுத்த கெடு 2018. அதை 2023 வரைக்கும் நீட்டிச்சாங்க. குழாய், நீரேற்று நிலையம், திரும்பிப் போகிற குழாய் எல்லாம் சேர்த்துச் செலவு சுமார் 28 கோடி டாலருக்கு மேல். வரம்பு வந்தது 1976-ல், வரம்புக்குள்ள நிரந்தரமா தண்ணி வந்தது 2023 அக்டோபரில். 47 வருஷம். வரம்பு வந்தப்போ பிறந்த குழந்தைக்கு இந்நேரம் பேரக்குழந்தையே இருக்கலாம்.

புதுத் தண்ணி வந்ததும் ஊர்க்காரங்களுக்கு முதலில் வந்த அறிவுரைகளில் ஒண்ணு, வீட்டு சாஃப்ட்னரை மாத்தி அமைங்க என்பது. ஏரித்தண்ணிக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை.

தண்ணியை விக்கிறது மில்வாக்கி நகரம். அந்தப் பேர் என்னை மாதிரி டாக்டர்களுக்கு வேற ஒரு காரணத்துக்காக மனப்பாடம். 1993 வசந்தத்தில் அந்த நகரத்துக் குழாய்த்தண்ணியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வடிகட்டியைத் தாண்டி வந்து, சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. குளோரினுக்கு அசையாத கிருமி அது. எய்ட்ஸ் நோயாளிகள் பலர் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் வடிகட்டிகளை மேம்படுத்தி, ஓசோன் சுத்திகரிப்பும் சேர்த்தாங்க. அந்த நகரத்துத் தண்ணிதான் இப்போ வாக்கிஷா வீடுகளில் வருது.